பல் இடைவெளி

கூண்டு திறந்த நாளில் எனக்கு வேலை இல்லை.
கங்கைகொண்டானுக்கு வடக்கே, உடைமரக் காட்டில்,
துங்கபத்திரைப் பக்கமிருந்து வந்த ஐந்தும்
லாரியை விட்டு இறங்கி
ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் போயினவாம்.
அதுவரை எங்கள் பக்கம்
ஓநாய் என்பது ஒரு வசவு,
வட்டிக்காரர் வீட்டைத் தாண்டும்போது
வாய்க்குள் சொல்லிக்கொள்வது.

என் வேலை செத்த பிறகு தொடங்கும்.
கால்நடை ஆய்வாளர், இரண்டாம் நிலை.
பையில் கையுறை, டெட்டால், ஒரு வெர்னியர்,
மூன்று பிரதிக்குக் கார்பன் தாள்.
தொண்டையில் துளை, சுத்தமாக,
வயிறு திறந்து ஈரல் போயிருந்தால் ஓநாய்.
தொடை கிழிந்து, காது பிய்ந்து,
தின்னாமல் போட்டுப் போயிருந்தால்
நாய்;
சிப்காட் கேண்டீன் வாசலில் எலும்புக்கு நிற்கிற
நம்ம நாய்.
ஓநாய் அடித்தால் அரசாங்கம் பணம் தரும்.
நாய்க்கு யாரும் தருவதில்லை.

சொரிமுத்துவுக்கு இந்தத் தையில் உளுந்து வீடு வந்தது,
எட்டு வருஷத்தில் முதல் தடவை.
மான்கள் இப்போது ஓரிடத்தில் நின்று மேய்வதில்லை.
ஒரு வாய் கடித்து, தலை தூக்கி,
காற்றை மோந்து, நகர்ந்துவிடுகின்றன.
வேலியில் கட்டிய பழஞ்சேலைகளை அவிழ்த்து
அவர் மனைவி துவைத்துக் காயப்போட்டிருந்தாள்.
'சாமி மாதிரி வந்துச்சு சார்' என்றார்,
என் பைக் பெட்டியில் ஒரு படி உளுந்தைத் திணித்து.

அதே ஓடையின் அக்கரையில்
பிசானம் அறுத்த தாளில்
பூலுடையார் மறித்திருந்த கிடை,
இருநூற்றுப் பத்து பொட்டாடு.
பங்குனிப் பின்னிரவில் ஏழு மறி கிடந்தன.
அளந்தேன்.
இரண்டு ஓநாய். ஐந்து நாய்.
ஐந்தில் ஒன்று சினை; குட்டி இன்னும்
உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது.

அவர் அழவில்லை.
தொரட்டியைக் கட்டியில் ஊன்றி,
'ஒம்ம அளவுகோல் எனக்கு எதுக்கு வே?
செத்தது செத்ததுதான.
எல்லாத்தையும் ஓநாய்ன்னே எழுதிரும்.'
நர்சிங் பீஸ் கட்ட வேண்டிய மகள் பேச்சித்தாய்
என்னைப் பார்க்காமல்
செத்த மறியின் காதிலிருந்து
உண்ணி பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

எழுதினேன்.
ஏழும் ஓநாய்.
கார்பன் மூன்று தாளிலும் அதையே சொன்னது.

பணம் ஆடியில் வந்தது, பாதிதான்.
தாள் அதற்கு வெகு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது.
எங்கோ ஒரு மேஜையில் யாரோ கூட்டியிருக்கிறார்கள்:
இந்தக் கிடையில் ஏழு, மானூரில் நான்கு
(மானூரையும் நான்தான் எழுதினேன்),
வரம்பு பத்து.

சித்திரை வெயிலில் வனக்காவலர் ஞானசிகாமணி
என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார்.
மயக்க ஊசியில் கிடந்தது பெண்,
காலர் எண் மூன்று. மடி இன்னும் வற்றவில்லை.
ஈ மொய்த்த உதட்டைத் தூக்கி
அளக்கச் சொன்னார்கள்.
அளந்தேன்.
என் ஏழில் இரண்டோடு பொருந்தியது.
'பொருந்துதுல்ல?' என்றார் ஞானசிகாமணி.
பொருந்துது, என்றேன்.
அது பொய்யில்லை.

எந்தக் கூண்டுக்குப் போனது என்று கேட்கவில்லை.
குட்டிகளைப் பார்த்ததாக யாரும் சொல்லவில்லை.
மற்ற நான்கும் நான்கு வழிச் சாலையைத் தாண்டி
கயத்தாறு பக்கம் போயிருக்கலாம் என்கிறார்கள்.
ஐப்பசி விதைப்பு முளைத்து இரண்டு இலை விட்டிருக்கிறது.
சொரிமுத்து வீட்டில்
சேலைகளை மடித்து எங்கே வைத்தோம் என்று
தேடுகிறார்கள்.

நேற்று ராத்திரி பூலுடையார் போன் செய்தார்.
மூணு ஆடு.
கையுறையைத் தேடினேன், ஒரு கையில் போனோடு.
'நீரு வரவேண்டாம். நாய்தான்.
தொடையத்தான் கிழிச்சிருக்கு, நானே பாத்துட்டேன்.'
சொல்லிவிட்டு வைக்கவில்லை.
கொஞ்ச நேரம்
அந்தப் பக்கம் கிடை அசைபோடும் சத்தம்,
அதற்கும் அப்பால்
சிப்காட்டில் ஷிப்ட் மாறும் சங்கு.