கறிமீன்

தங்கச்சிமடத்துப் பழைய ஐஸ் பிளான்ட்டை
இரண்டு மாத வாடகைக்கு எடுத்தபோது
என் நோட்டில் எல்லாம் முடிந்திருந்தது:
கிழக்குச் சுவரில் வலை,
மேற்கில் படங்கள்,
வாசலில் என் பெயர்,
ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்தும் படிக்கிற அளவில்.

அம்மோனியா நெடி போகாத கூடத்தில்
முதல் நாளே
வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
சீனி ஜப்பார் கேட்டார்:
"எந்தக் காத்துல தொறக்கப் போறீங்க?"
தேதியைச் சொன்னேன்.
"தேதி சரி. காத்து?"
கச்சான் என்றால் மேற்குக் கதவு நிற்காது.
வாடை என்றால் கிழக்குச் சுவர் ஒழுகும்.
நோட்டில் காற்றுக்கு இடம் விட்டிருக்கவில்லை.

அப்படித்தான் வலை
நடுக்கூடத்துக்கு வந்தது,
உத்திரத்திலிருந்து இரண்டு கம்பியில்,
எந்தப் பக்கம் நின்றாலும்
அந்தப் பக்கத்து முகம் தெரிய.
பிற்பாடு எல்லோரும் அதையே பாராட்டினார்கள்.
நான் திருத்தவில்லை.
இங்கே எழுதி வைக்கிறேன்.

நம்பு ஈஸ்வரி சின்னப்பாலத்திலிருந்து வந்தது
பாசிக்கு இறங்காத ஒரு நாளில்.
விரல்களில் துணி சுற்றிய தடம்
வெளுத்திருந்தது.
"மாசத்துல பன்னெண்டு நாள்தான் எறங்குறோம்,
அமாவாசைக்கு ஆறு, பௌர்ணமிக்கு ஆறு.
நீங்க வச்சிருக்கது அமாவாசைக்கு மறுநாளு.
யாரு வருவா?"
முந்நூறு அழைப்பிதழ் அச்சாகிவிட்டது என்றேன்.
ஒன்றை வாங்கித் திருப்பிப் பார்த்து
"பின்னாடி வெள்ளையாத்தானே இருக்கு" என்றார்.

பிறகு அந்தப் படத்தின் முன் நின்றார்.
அலையைக் கிழித்துக்கொண்டு
அவர் மேலே வருகிற படம்.
வாய் திறந்திருக்கும், கண்ணாடிக்குள் தண்ணீர்.
இரண்டு வருடமாக நான் தூக்கிக்கொண்டு அலைகிற படம்.
"மூச்சு வாங்குறப்ப எடுத்திருக்கீங்க."
"ஆமாம்."
"இத எல்லாரும் பாக்கணுமா?"

அரை மணி நேரம் பேசினேன்.
வெளிச்சம் பற்றி, உழைப்பு பற்றி.
கண்ணியம் என்ற சொல்லை
மூன்று முறையாவது சொல்லியிருப்பேன்.
பக்கத்து வீட்டு ரேடியோவைக் கேட்பதுபோலக் கேட்டுவிட்டு
அவரே படத்தைக் கழற்றி
சுவரைப் பார்க்கச் சாய்த்து வைத்தார்.
ஆணி மிஞ்சியது.

மூன்று நாள் அந்த ஆணியோடு சண்டை.
கயிறு மாட்டினேன், மிதவை மாட்டினேன்,
ஒரு நண்டுக்கூடு கூட.
நாலாம் நாள்
வலை முடைய வந்த கெம்பிஸ்
சட்டையைக் கழற்றி அதில் போட்டார்.
எடுக்க மறந்தும் போனார்.
திறப்பு நாளில்
அந்தச் சட்டை முன்னால்தான்
கூட்டம் அதிக நேரம் நின்றது.

அதற்கு முதல்நாள் ராத்திரி
வாசலில் யார் பெயர் என்று வந்தது பேச்சு.
கரண்ட் இல்லை.
"போட்ல பிரிக்கிற மாதிரிப் பிரிங்க" என்றார் கெம்பிஸ்.
டீசல் கழித்து
படகுக்கு, எஞ்சினுக்கு, வலைக்கு,
பிறகு ஆளுக்கு ஒன்று.
விரல் விட்டு எண்ணினோம்.
கூடத்துக்கு அரைப் பங்கு,
ஏணிக்குக் கால்,
அந்தச் சட்டைக்கு எவ்வளவு என்று ஒரு தகராறு.
"காத்துக்கு?" என்றேன்.
"காத்துக்கு யாரும் குடுக்குறதில்ல" என்றார் ஜப்பார்,
"அது எடுத்துக்கிரும்."

என்னுடையது வந்தபோது
கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
கெம்பிஸ் தொண்டையைச் செருமினார்:
"கரவல இழுக்கையில
வழியில போறவன் ஒரு கை புடிச்சா
அவனுக்கும் கறிமீன் உண்டு."

அது குறைத்துச் சொன்னதா, கூட்டிச் சொன்னதா,
இன்றுவரை தெரியவில்லை.
அழைப்பிதழ்களின் முதுகில்
நம்பு ஈஸ்வரி சொல்லச் சொல்ல எழுதினேன்,
அவருக்கு ஞாபகம் வந்த வரிசையில்.
பதினோரு பெயர். ஏழாவது நான்.

சமீபத்தில் கோவையில் ஒரு கூடம்.
முதல் ஆணிக்கு முன்
எந்தக் காற்று என்று கேட்டேன்.
"ஏசி சார்" என்றார்கள்.

அந்தப் படம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது.
வீட்டில் அது இன்னும்
சுவரைப் பார்த்தபடி நிற்கிறது.
கேட்டுத்தான் திருப்ப வேண்டும்.
இன்றைக்குக் கடலில் இருப்பார்.
அமாவாசை கழியட்டும்.