அரைச் சுண்டு

முதல் நாள் லேசு.
தவக்காலத்து வெள்ளி, பேராலயத்தில் சிலுவைப்பாதை முடிந்து
டொக்யாட் றோட்டால் நடந்து வருகிறேன்.
பதினாலு தலத்துக்கும் முழந்தாளிட்ட நோ
காலில் இருந்தது, மனசும் கொஞ்சம் இளகியிருந்தது.
பூட்டிய கடையொன்றின் நிழலில் அவன்.
"அக்கா, சாப்பாடு."
வீட்டுக்குக் கூட்டிவந்து, கேற்றுக்கு வெளியே நிற்கவைத்து,
சோறும் பருப்பும் பொரித்த சூடையும்
லஞ்ச் ஷீட்டில் மடித்துக் கொடுத்தேன்.
அன்றிரவு நல்ல நித்திரை.

சனிக்கிழமையும் அவனுக்குப் பசிக்கும் என்று
எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

நாலாம் நாள், பருப்பில் உப்புக் காணாது என்றான்.
பேர் கேட்டேன். பெனடிற், மன்னார்.
காளி கோயிலடியில் அவன் சிவராசாவாம்,
தேயிலைத் தோட்டத்து ஆளாம்,
வள்ளம் கவிழ்ந்து தம்பி போய்விட்டானாம்.
மீன்காரி சொல்லிச் சிரித்தாள்:
தேயிலைக்குள் எங்காலை வள்ளம்?

ஞானசீலன் கட்டாரிலிருந்து கொண்டுவந்த
நீலச் சேட்டைக் கேட்டான், கொடுத்தேன்.
மூன்றாம் நாள் அதைப் போட்டிருந்தவன் ஓர் ஓட்டோக்காரன்.
அவனுக்கு நல்ல அளவு.

ஆண்டவர் அந்நியராய் வருவார் என்று
ஃபாதர் பிரசங்கம் வைத்தார்.
வரட்டும்.
பீடி குடித்துவிட்டு மதிலோரம் துப்புவாரா அவர்?
நான் வேலையால் வரமுன்
மகள் தனியே இருக்கிற நேரம் வந்து
கேற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பாரா?
அவன் ஒன்றும் செய்யவில்லை.
அதையும் சொல்லத்தான் வேண்டும்.
நின்றான், அவ்வளவுதான்.

பதினேழாம் நாள் பொழுதுபட
எல்லா லைட்டையும் நூர்த்தேன்.
மகளின் வாயில் விரலை வைத்து,
என் சொந்த வீட்டுக்குள்
கள்ளியைப்போலச் சுவரோடு நின்றேன்.
கொளுக்கி ஒருதரம் கிலுங்கியது.

"அக்கா, கரண்ட் இல்லையா?
பியூஸ் போயிருக்கும். நான் பாக்கட்டா?"

மூச்சை விடவில்லை.
யன்னல் சீலை இடுக்கால் தெரிந்தது:
குப்பைப் பையைக் கிளறும் ஒரு புள்ளிமான்,
பக்கத்தில் அவன்.
"றோட்டு லைட் எரியுதே,"
மானுக்குத்தான் சொன்னான்.
பிறகு செருப்புச் சத்தம் கடற்பக்கம் போனது.

சுனாமி வருஷம், திருக்கடலூரிலிருந்து
உடுத்த துணியோடு ஓடியவர்கள் நாங்கள்.
கந்தளாயில் ஒரு சிங்கள வீட்டில்
பதினொரு நாள் சோறு.
அந்த அம்மாவின் பேர் பிரேமாவதி.
பத்தாம் நாள், பதினோராம் நாள்
அவவின் முகம் எப்படி இருந்தது?
இருட்டில் நின்று யோசித்துப் பார்த்தேன்.
நினைவில்லை.
நான் கோப்பையைப் பார்த்துச் சாப்பிட்டிருக்கிறேன்.

ஞாயிறு, நற்கருணை வரிசை.
முன்னால் நின்றவர்கள் கை நீட்டினார்கள், நானும்.
ஃபாதர் ஒருவரிடமும் ஊர் விசாரிக்கவில்லை.

பின்னேரம் அரிசி அளக்கையில்
அரைச் சுண்டு கூடப் போட்டேன்.
அன்பு கின்பு என்று ஒருவரும் சொல்லவேண்டாம்.
அவன் வந்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்,
பீடி மணத்துக்கு மூக்கைச் சுளிப்பேன்,
மகளை உள்ளே போகச் சொல்வேன்.

வரவில்லை.
திங்களும் இல்லை.
பஸ் ஸ்ராண்டில் கேட்டேன், பேர் சொல்லத் தெரியாமல்:
"அந்தப் பெனடிற்... சிவராசா..."
ரிக்கற் விற்கிறவன் தோளைக் குலுக்கினான்.

இன்றைக்கும் கேற் லைட்டைப் போட்டுவிட்டு
அடுப்படிக்கு வந்து
பருப்பைக் கையில் விட்டு நக்கிப் பார்த்தேன்.

உப்புக் காணாதுதான்.