அரைப் பேர்

பதினெட்டுக் கிலோவுக்கு ஒரு கிலோ குறைந்தால்
செக்ரோலில் அரைப் பேர்.
அரைநாள் சம்பளத்துக்கு எங்கள் மலையில்
அதுதான் சொல்.
நான் எழுதிய நிரலுக்கும் அதையே வைத்தேன்.
பேராதனையில் யாருக்கும் விளங்கவில்லை.
மதிப்பீட்டுத் தாளின் ஓரத்தில்
சிவப்பில் ஒரு கேள்வி:
மிச்சப் பாதி எங்கே?

ஹட்டன் தொழில் காரியாலயத்தில் சேர்.
இரும்பு அலுமாரி, இரண்டாம் தட்டு.

காத்தாயி என்று பிறந்தவளை
தோட்டத்துக் கிளாக்கர் ஆங்கிலத்தில் எழுதியபோது
ஓர் எழுத்து உதிர்ந்தது.
அதைப் பார்த்துச் சிங்களத்தில் எழுதியவர்
நெடிலைக் குறிலாக்கினார்.
சேமலாப நிதி அட்டையில்
திரும்பவும் தமிழுக்கு வந்து சேர்ந்தபோது
அவள்
கதை.

முப்பத்தொரு வருடம் கொழுந்தெடுத்த
கதையின் காசை
காத்தாயிக்குக் கொடுக்க முடியாதாம்.
சட்டம் அதை மரியாதையாகத்தான் சொல்கிறது,
கதிரை போட்டு உட்காரவைத்து.

எத்தனை எழுத்தை மாற்றினால், எடுத்தால், செருகினால்
ஒரு சொல் இன்னொரு சொல்லாகும்
என்பதற்கு ஒரு கணக்கு உண்டு.
முதலாம் வருடப் பாடம்,
பரீட்சையில் எட்டுப் புள்ளி.
காத்தாயிக்கும் கதைக்கும் தூரம் நான்கு.
பொகவந்தலாவையிலிருந்து ஹட்டனுக்கு
பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலம்.
அவள் அதைப் பதினேழு தடவை போய்வந்திருக்கிறாள்.

தண்ணீர் டாங்கிக்கு மேலுள்ள கல்லில்தான்
இரண்டு கோடு சிக்னல்.
விடுமுறை முழுக்க அங்கே,
மடிக்கணினிக்குக் குடை, எனக்கு உரச்சாக்கு,
அட்டை ஏறாமலிருக்கக் காலில் உப்பும் சவர்க்காரமும்.
மூன்று மொழிப் பெயர்களையும் ஒரே ஒலிக்கு இறக்கி
தகப்பன் பெயர், லய இலக்கம் பொருத்தி
நானூற்றுப் பன்னிரண்டு வரி
பச்சையாக விழுந்தபோது
மலையே எனக்காகத் துளிர்த்த மாதிரி
ஒரு கர்வம்.
ஒத்துக்கொள்கிறேன்.

பட்டியலைப் பிள்ளைக்காம்பராச் சுவரில் ஒட்டினேன்.
கொழுந்துக் கறை போகாத விரலை
எங்கேயோ ஒரு வரியில் வைத்து
வாசி என்றாள். அது அவள் வரியில்லை.
நகர்த்தி வைத்து வாசித்தேன்.

காத்தாயி, தகப்பன் முனியாண்டி, ஆறாம் லயம்,
எழுபத்தொன்பதிலிருந்து
இரண்டாயிரத்துப் பதினேழு வரை.

"நான் பேர் பதிஞ்சது எம்பத்தாறுல."

கூட ஏழு வருசம் கிடைத்திருக்கிறது என்றேன்,
பரிசு கொடுப்பவள் போல.

"அது எங்க அக்கா.
அவளும் காத்தாயிதான், பெரிய காத்தாயி.
மண்ணு சரிஞ்சு அவ போன மாசம்
எடம் காலின்னு என்னைச் சேத்தாங்க."

நிரல் தொண்ணூற்று நான்கு வீதம்
ஒரே ஆள் என்றிருந்தது.

"காசு கூட வரும்" என்று
நான் சொன்னேனா, நினைத்தேனா,
இப்போது சரியாக ஞாபகமில்லை.
அவள் சொன்னது ஞாபகம்:
"அவ பேரையும் சேத்து நான் முழுங்கவா?
பிரிச்சு எழுது."

அன்றிரவு எல்லையைக் கூட்டினேன்.
நானூற்றுப் பன்னிரண்டு
முந்நூற்று அறுபத்தேழாயிற்று.
விழுந்த நாற்பத்தைந்துக்கும்
பச்சையுமில்லாமல் சிவப்புமில்லாமல்
ஒரு மஞ்சள் கொடுத்து
பக்கத்தில் எழுதினேன்:
ஆளைப் போய்க் கேள்.
தானியங்கி என்று தலைப்பில் போட்டிருந்ததை அடித்துவிட்டேன்.
அதற்கு எத்தனை புள்ளி குறையும் என்று
இன்னும் தெரியாது.
கீழ்ப்பிரிவில் பதினொரு பேரைக் கேட்டாயிற்று.
ஒருவர் வீட்டில் நாய் கடித்தது.

பதினெட்டாம் தடவை நானும் கூடப் போனேன்.
இரண்டு விண்ணப்பம்:
ஒன்று தனக்கு,
ஒன்று செத்தவளுக்கு வாரிசாக.
கவுண்டரில் இருந்தவர் இரண்டையும் புரட்டி
கண்ணாடியைத் தூக்கிவிட்டு,
ஒரே பெயரை ஏன் இரண்டு தரம்
எழுதியிருக்கிறீர்கள் என்றார்.

நான் வாய் திறக்குமுன்
அவளே சொன்னாள்,
ஒரு விரல், பிறகு இன்னொரு விரல்
கண்ணாடித் தடுப்பில் வைத்து:

ரெண்டு பேர்.