கால்வழி

இருநூறு ஆண்டு ஒரே குருதியில் கைமாறிய பண்ணைக்கு
வாசல் நிலையில் அறைய ஒரு பித்தளைத் தகடு தருகிறார்கள்.
விண்ணப்பம் மூன்று பக்கம்.
கிரெஸென்ஸ் அதை ஏப்ரல் முழுக்கப்
பால் கணக்கு நோட்டுக்குள் வைத்திருந்தாள்.
ஒரு மூலையில் மோர் பட்டுக் காய்ந்துவிட்டது.

லானெக் என்பது பண்ணையின் பெயர்.
பனிச்சரிவின் மூலை என்று பொருள்.
டைரோல் மலையில் ஆளுக்குப் பெயர் வீட்டிலிருந்து வருகிறது;
குடும்பப் பெயர் தபால்காரனுக்கு மட்டும்.
யார் அங்கே விறகு பிளந்தாலும் லானெக்கர்.
யார் அங்கே செத்தாலும்.

கீழே பள்ளத்தாக்கில், பாதிரியார் இல்லத்தில்,
பதிவேடுகளுக்கு இரும்பு அலமாரி.
அலுவலகப் பெண் வெள்ளைக் கையுறை நீட்டினாள்,
இவள் விரல்களைப் பார்த்துவிட்டு
பெரிய அளவு தேடப் போனாள்.

தந்தை இங்கெனுவின். சரி.
அவர் தந்தை வீகில்.
எல்லைக்கோடு இவர்களைத் தாண்டித் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்தபின்
காகிதத்தில் வீகிலியோ ஆனவர்.
ஜெர்மனிக்குப் போகிறாயா, இருக்கிறாயா என்று
முப்பத்தொன்பதில் தாள் வந்தபோது
தம்பிகள் இருவரும் போனார்கள்.
பசு ஈனட்டும், பார்க்கலாம் என்றார் வீகில்.
பசு ஈன்றது. அடுத்த பசு சினையாக இருந்தது.
அப்படித்தான் இருந்துவிட்டார்.

அவருக்கு முன் கஸ்ஸியான்.
அவருக்கும் முன் ஒரு கஸ்ஸியான்:
ஜனவரியில் இறந்து, மண் இறுகிக் கிடந்ததால்
மார்ச் வரை பரணில்
பலகைமேல் காத்திருந்தவர்.

பிறகு 1828.
மை மாறியிருக்கிறது, அல்லது கை நடுங்கியிருக்கிறது.
பிப்ரவரி ஒன்பது. லானெக். பதினொரு பேர். ஒரே குழி.

தொழுவத்தில் இருந்த வேலைக்காரி அப்பலோனியா மட்டும் எஞ்சினாள்.
சடலம் தோண்ட நாள்கூலிக்கு ஆட்கள் வந்தார்கள்.
ஒருவன் பெயர் ஃப்ளோரின்.
தந்தை: தெரியவில்லை.
ஊர்: கணவாய்க்கு அப்பால்.
ஆறாம் நாள் அவன் மண்வாரி
உயிருள்ள ஒரு பசுவின் முதுகில் தட்டியது என்று
பாதிரியார், தேவையில்லாமல், ஓரத்தில் எழுதியிருக்கிறார்.
ஆகஸ்டில் திருமணம்.
குத்தகை பாக்கியைக் கட்ட ஒப்புக்கொண்டதால் நிலம் அவனுக்கு.
மணமகன் பெயர்க் கட்டத்தில்: லானெக்கர்.
வேறென்ன எழுதுவது.

அவள் கையுறையைக் கழற்றினாள்.
வீட்டு உத்தரத்தில் செதுக்கிய 1412,
ஆண்டுதோறும் ஆளிவிதை எண்ணெய் பூசிய அந்த எண்,
மடத்துக்கு முந்நூறு பாலாடைக்கட்டி வரி கட்டியதாகச்
சாராயக் கோப்பையோடு பெருமை பேசிய அந்த முன்னோர்,
எல்லாரும் அந்தப் பதினொரு பேரின் முன்னோர்.
ஒருவரும் இவளுக்கு ஒன்றுமில்லை.
விண்ணப்பத்துக்கோ ஏழு ஆண்டு குறைகிறது.

வம்சத்துக்கு நம்மிடம் இரண்டு சொற்கள் உண்டு.
கொடிவழி என்போம்.
ஆயிரத்து அறுநூறு மீட்டரில் கொடி ஏறாது,
திராட்சை கீழேயே நின்றுவிடும்.
கால்வழி என்றும் சொல்வோம்.
அது ஏறும். தோளில் மண்வாரியோடு,
கிழிந்த சாக்கைக் காலில் சுற்றிக்கொண்டு,
கணவாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து.

திரும்பும் வழியில் கூட்டுறவுக் கடையில் நிறுத்தினாள்.
உப்புக்கட்டியை உங்கள் லானெக்கர் வாங்கிப் போய்விட்டாரே என்றான் கடைக்காரன்.
இலாரியோனைச் சொல்கிறான்.
ருமேனியாவிலிருந்து வந்து இரண்டு கோடை ஆகிறது.
அவள் திருத்தவில்லை.
தீக்குச்சி மட்டும் வாங்கினாள்.

இரவு, இரண்டாம் பக்கம், ஒன்பதாம் கேள்வி:
நிலம் எவ்வழியில் வந்தது?
வாரிசு, விலை, தானம் என்று மூன்று கட்டங்கள்.
பக்கத்தில் நான்காவதாக ஒரு கட்டம் வரைந்தாள்,
கோணலாக. அதற்குள் குறியிட்டு, எதிரே எழுதினாள்:
தோண்டி.

மோர்க்கறையைச் சுரண்டிப் பார்த்தாள். போகவில்லை.
அப்படியே மடித்து உறையில் போட்டாள்.