நீர்க்காகம்

மூன்று குளிர்காலம் என் மேசையில் ஒரு விமானம் நின்றது.
அசல் விமானம் கார்க் நகரத்து ஓடுபாதை ஓரம்.
என்னிடம் இருந்தது நாலு அட்டைப்பெட்டிக் காகிதம்.
வால்பகுதியில் நீர்க்காகம் ஒன்று வரைந்திருந்தார்கள்,
இறக்கை விரித்து ஈரம் உலர்த்துகிற மாதிரி.
உலர்ந்தபாடில்லை.

வாஷிங்டனில், ஆறாவது மாடியில்,
வான்வழி அனுமதிப் பிரிவில் நான் இளநிலை எழுத்தன்.
வருகிற தாளுக்கு எண் போடுவேன், துளை போடுவேன்.
அபிப்பிராயத்துக்குச் சம்பளம் கிடையாது.

பதிவு அயர்லாந்தில். முதலாளி ஆஸ்லோவில்.
பணிப்பெண்கள் பாங்காக்கில்.
அவர்களுடைய ஒப்பந்தமோ
சிங்கப்பூரில் ஒரு ஏஜென்சியின் அலமாரியில்.
அட்லாண்டிக்கைத் தாண்டும் ஏழு மணி நேரம் மட்டும்
எல்லாரும் ஒரே குழாய்க்குள்.
கட்டணம் அறுபத்தொன்பது டாலர்.
இது எந்த ஊர் விமானம் என்பதுதான் வழக்கு.

உடன்படிக்கையில் ஒரு வரி:
திறந்த வானத்தின் பலன்கள்
தொழிலாளர் நிலையைத் தாழ்த்துவதற்கு அல்ல.
இரண்டு தரப்பு வக்கீல்களும்
கரும்புச் சக்கையாக்கி விட்டார்கள் அதை.
ஒருவருக்கு அது கட்டளை.
மற்றவருக்கு வெறும் ஆசை,
புத்தாண்டு அட்டையில் எழுதுகிறோமே, அந்த மாதிரி.
'அல்ல'வுக்கும் 'கூடாது'க்கும் நடுவில்
நூற்று எண்பத்தாறு இருக்கைகள்
பாலிதீன் உறை பிரிக்காமல் கிடந்தன.

கீழே நடைபாதையில் விமானிகள், தொப்பியில் பனியோடு.
லார்ன் ஹாஸ்கெட் என்பவர் தினமும் வருவார்.
ஒருநாள் சிகரெட்டுக்கு நெருப்புக் கேட்டார்,
கேட்காமலே சொன்னார்:
"என் மாமா பால்டிமோரில் கப்பல்காரர்.
முதலில் கொடியை மாற்றினான்,
அப்புறம் கூலியை மாற்றினான்,
அப்புறம் மாமாவையே மாற்றிவிட்டான்."
நான் தீப்பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொள்ள மறந்தேன்.

அதே வாரம் ஒரு கடிதம்.
கார்க் மீன் அங்காடியில் வேலை பார்க்கும் டெர்வ்லா கீஹான்,
கோடு போட்ட தாளில்:
உங்கள் நியாயம் எல்லாம் நியாயமாகவே இருக்கட்டும்,
பிராவிடன்ஸில் என் அண்ணனுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ்,
லண்டன் சுற்றிப் போக என் இரண்டு மாதச் சம்பளம் ஆகிறது.
எண் 2,207.
துளை போட்டேன். அது சரியாக
'அண்ண' என்ற இடத்தில் விழுந்தது.
வட்டமான அந்தக் காகிதத் துணுக்கை
வெகுநேரம் விரல்நுனியில் வைத்திருந்தேன்.

இணைப்பு பதினாலு: ஒரு பணிப்பெண்ணின் ஒப்பந்தம்.
பறக்கும் மணிக்குக் கூலி,
தரையில் நின்றால் இல்லை.
சீருடைக்குப் பிடித்தம் உண்டு.
பெயரையும் கையெழுத்தையும் கறுப்பு மையால் மறைத்திருந்தார்கள்.
மையின் கீழ்விளிம்பில்
ஒரு எழுத்தின் வால் மட்டும் தப்பியிருந்தது,
தூண்டில் முள் போல வளைந்து.

டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை,
பாதி அலுவலகம் விடுமுறைக்குக் கிளம்பிய பிறகு,
அனுமதி கையெழுத்தானது.
அந்த வரி மதிக்கத்தக்கது, ஆனால்
தடுப்பதற்குப் போதாது என்று எழுதியிருந்தது.
ஹாஸ்கெட் பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு,
காலைத் தட்டிப் பனியை உதறி,
மெட்ரோ பக்கம் நடந்தார்.
டெர்வ்லாவின் அண்ணன் என்ன ஆனாரோ,
கோப்பில் இல்லை.

ஏப்ரலில் நானும் டிக்கெட் எடுத்தேன்.
வேறென்ன சொல்ல, மலிவாக இருந்தது.
முழங்கால் முன்சீட்டில் இடித்தது.
அட்டை இயந்திரம் வேலை செய்யவில்லை,
ஒன்பது டாலர் சாண்ட்விச்சுக்கு
பணிப்பெண் கையால் ரசீது எழுதினாள்.
பென்யாபா என்று சட்டையில் பெயர்.
"வேலை விஷயமாகவா போகிறீர்கள்?"
ஒருவிதத்தில், என்றேன்.
கிழித்து நீட்டிய தாளில், கையெழுத்தின் அடியில்,
அதே தூண்டில் முள்.

தண்ணீர் கேட்டேன், குரல் வேண்டுமே.
"மூன்று டாலர்" என்றாள்,
விலை அவள் வைத்தது போல
முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு.
ஜன்னலுக்கு வெளியே யாருக்கும் சொந்தமில்லாத கடல்.
ரசீதைச் சட்டைப் பையில் வைத்தேன்.
எண் போடவில்லை.