தலைமாடு கால்மாடு

உன் அறையில் இரண்டு சைக்கிள்களை நிறுத்த
வேறு வழியே இல்லை:
ஒன்று சுவரைப் பார்க்க, ஒன்று கதவைப் பார்க்க,
தலைமாடு கால்மாடாக.
என் கைப்பிடி உன் பின்சக்கரத்தை இடித்தது,
உன் கைப்பிடி என்னுடையதை.

ஆனந்தகிரியில் அன்றும் ஏழரைக்குக் கரண்ட் போனது.
பேட்டரிகள் அதற்குள் நிறைந்திருந்தது நல்லதாயிற்று.
கேபிள் இல்லாத கியர்.
இழுக்கக் கம்பி இல்லை, முறுக்கத் திருகு இல்லை.
பின்னால் ஒரு பொத்தான், முன்னால் ஒரு பொத்தான்,
பச்சைப் பொட்டு சிமிட்டினால்
ஒன்றை ஒன்று தெரிந்துகொண்டன என்று அர்த்தம்.
செல்போன் வெளிச்சத்தில் நீ வாசித்தாய், நான் அழுத்தினேன்.
சிமிட்டியது.
நான் ஒரு தட்டு, நீ ஒரு தட்டு.
இருட்டில் எங்கோ ஸ்ர்ரிக் என்றது.
எங்கே என்று யார் பார்த்தோம், செலஸ்டின்?
சத்தம் வந்தால் போதாதா என்று
குடையும் டார்ச்சுமாக நான் வீட்டுக்குப் போய்விட்டேன்.

காலையில் ஏரிக்கரை சமதளம்.
கியரை யாரும் தொடவில்லை.
அப்சர்வேட்டரி ஏற்றத்தில்தான் நான் லேசுக்குத் தட்டினேன்.
கால் லேசாகவில்லை.
இன்னொரு தட்டு. இன்னொன்று.
முன்னே உன் கால்கள் திடீரென்று
காற்றை மிதிப்பதுபோல் சுற்றின.
நீ திட்டிக்கொண்டே கனத்துக்குத் தட்டினாய்,
என் தொடையில் யாரோ
அம்மிக்கல்லைக் கட்டினார்கள்.

ஆறு வருடமாக
உன் கியரைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு.
ஏற்றம் வந்தபிறகுதான் மாற்றுவாய்,
கண்டக்டர் எதிரில் வந்து நின்றபின்
சில்லறை தேடுகிறவன் மாதிரி.
சொன்னால் கேட்டதில்லை.
இப்போது சொல்லவே தேவையில்லை.
நான் தட்டினேன், நீ ஏறினாய்.
என் கணக்கில் என்ன அழகாக ஏறினாய்!
ஒரு கிலோமீட்டர் வரை உன்னிடம் சொல்லவில்லை.
இதை எழுதியே கொடுக்கிறேன்.

ஆனால் என்னுடையது உன் கையில்.
பைன் மரங்களின் வளைவைத் தாண்டி
நீ மறைந்ததும் என் விரலுக்குப் பதில் இல்லை,
உன் விரல் எனக்கு எட்டவும் இல்லை.
இருந்த கனத்திலேயே நின்றுபோய்
இறங்கித் தள்ளினேன்.
பனிக்குள் ஒரு காட்டுமாடு
மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

நீ திரும்பி வந்தாய். சொன்னேன்.
நீ சிரித்துவிட்டு, பிறகு நிறுத்தி,
"எப்போது தெரியும் உனக்கு?" என்றாய்.
நான் காட்டுமாட்டைப் பார்த்தேன்.

சரிசெய்ய ஒரு நிமிடம் போதும்.
"பூம்பாறை வரை இப்படியே போவோம்" என்றாய்,
தண்டனையா விளையாட்டா தெரியவில்லை.
லேசு! என்று நான் கத்த,
ரெண்டு கனம்! என்று நீ கத்த,
பூண்டு வயலில் குனிந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள்,
புருஷன் பெண்டாட்டி சண்டை என்று நினைத்திருப்பார்கள்.
நாம் அது இல்லை,
அதை அவர்களிடம் நின்று விளக்க
பிரேக்கும் பிடிக்க முடியாத இறக்கம்.

நீ எனக்குத் தாமதமாகவே கொடுத்தாய். பழக்க தோஷம்.
நானோ சாலையைப் பார்ப்பதை விட்டு
உன் முழங்காலைப் பார்க்க வேண்டியிருந்தது.
இடதுகால் மூட்டு வெளியே விலகினால்
உனக்கு மூச்சு தீர்கிறது.
ஆறு வருடம் பின்னாலேயே வந்தும்
இது எனக்குத் தெரியாது.

பூம்பாறை டீக்கடை பெஞ்சில் சாய்த்து
பொத்தான்களை அழுத்தினோம்.
இம்முறை வெளிச்சத்தில்,
இரண்டும் ஒரே திசை பார்க்க.
உன்னுடையது உனக்கு. என்னுடையது எனக்கு.
பன்னை டீயில் நனைத்தபடி
பின்சக்கரத்தை நீ மூன்று முறை சோதித்தாய்.

திரும்பும் ஏற்றம் சரியாகத்தான் இருந்தது.
நீ முன்னே, நான் பின்னே, பேச்சில்லை.
கோயில் வளைவுக்கு முன்னால்
உன் இடது முழங்கால் விலகியது.
என் விரல் தானாகவே தட்டிவிட்டது.

ஸ்ர்ரிக்.

என் கால்கள்
காற்றில் சுற்றின.