நாய்த்தீனிக் கணக்கு

அக்டோபர் ஒன்பது. மழை.
உருளைக்கிழங்கு வயல் மறுபடி கறுத்துவிட்டது.
ஜன்னலைச் சாத்தினாலும்
நாற்றம் திரைச்சீலையில் தங்குகிறது.

குத்தகை பாக்கிக்காக
பார்ட்லி ஹெரட்டி தன் கட்டிலை
முற்றத்தில் கொண்டுவந்து வைத்தான்.
என் கணவர் விலை சொன்னார்.
நான் பின்னலில் கண்ணிகளை எண்ணினேன்,
இரண்டு முறையும் தவறாக.

பதினேழு.
ஓட்ஸ் வண்டிகள் துறைமுகம் போயின,
முன்னும் பின்னும் சிப்பாய்கள்.
சக்கரத் தடத்தில் சிந்தியதை
ஹெரட்டியின் சின்னவள்
சேற்றோடு பொறுக்கினாள்.

நவம்பர் இரண்டு.
கணக்குப் புத்தகத்தைப் புரட்டியவர் கேட்டார்,
"நாய்க்கு இத்தனை மாவா?"
குளிர்காலம் அல்லவா, என்றேன்.

ஜூனோ செத்து ஐந்து வாரம்.
ஆப்பிள் மரத்தடியில் புதைத்தது
சமையற்காரி சபீனாவும் நானும்.
அவர் அப்போது டப்ளினில்.

பின்கதவருகே தட்டில்
இரவு கூழ் ஊற்றுகிறோம்.
காலையில் கழுவிக் கவிழ்த்திருக்கும்.
நாய் எங்காவது தட்டைக் கவிழ்க்குமா?
யாரென்று நான் எட்டிப் பார்த்ததில்லை;
பார்த்தால் பெயர் எழுத வேண்டிவரும்.

பதினொன்று.
கூழ் அப்படியே இருக்கிறது,
மேலே பனி ஏடு கட்டி.
ஹெரட்டி வீட்டுப் பக்கம் புகையில்லை.

சபீனா தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.
இன்றிரவும் வைக்கச் சொன்னேன்.